மேல்மூடியைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்: பழைய அவுட்போர்டு இன்ஜின் வயரிங் வேலையில் நாங்கள் ஏமாந்த கதை

பழைய அவுட்போர்டு இன்ஜினுக்கு, அதாவது வள்ளத்தின் பின்பக்கம் வெளியே மாட்டும் இன்ஜினுக்கு, வயர் மாற்றக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கடையின் பெயரையும் ஊரையும் போடவில்லை. இந்த வேலையில் எதையெல்லாம் மூடி மறைக்க முடியும் என்று தெரிந்துகொண்டால் எந்தக் கடைக்குப் போனாலும் உதவும்.

எங்களுடையது இராமேஸ்வரம் தீவுப் பக்கம் ஓடும் சின்ன ஃபைபர் வள்ளம். இன்ஜின் பழைய யமஹா, டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. நல்ல உழைப்பாளி இன்ஜின், அதில் எந்தக் குறையும் இல்லை. வயர்கள்தான் கெட்டுப்போயிருந்தன. மேல்மூடியைக் கழற்றி வயரை விரலால் வளைத்தால் மேல்தோல் பொடியாக உதிரும். உப்புக்காற்று, எண்ணெய், சூடு எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது. கூடவே இன்னொரு காரணமும் உண்டு. இந்த மாதிரிப் பழைய மாடல்களில் ஃப்ளைவீலுக்கு (இன்ஜினின் மேலே சுழலும் கனமான சக்கரம்) அடியில், பொறிக்கான மின்சாரம் தரும் காயில்கள் உட்கார்ந்திருக்கும் தட்டு, நாம் ஆக்ஸிலேட்டரைத் திருகும்போதெல்லாம் சேர்ந்து திரும்பும். பொறி விழும் நேரத்தை முன்னே தள்ளுவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் அங்கிருந்து வெளியே வரும் வயர்கள் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் வளைந்து வளைந்து வெடித்துவிடும். வயரிங் வேலையில் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

மெக்கானிக் பார்த்துவிட்டு, "தம்பி, உள்ள எல்லாம் செத்துப்போச்சு. சி.டி.ஐ.யும் அவுட். மரைன் வயர் போட்டு முழுசா மாத்தித் தர்றேன், புது சி.டி.ஐ.யோட பதினஞ்சாயிரம் ஆகும்" என்றார். சி.டி.ஐ. என்பது பிளக்கில் பொறி விழ வைக்கும் சின்ன மின்னணுப் பெட்டி. ஃப்ளைவீலைக் கழற்றி அடியில் உள்ள வயரையும் மாற்ற வேண்டும் என்று பேசித்தான் கொடுத்தோம். வெள்ளைத் தாளில் "வயரிங் + சி.டி.ஐ." என்று எழுதிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் தண்ணீர் டிரம்மில் வைத்து ஓட்டிக் காட்டினார். ஒரே இழுப்பில் பிடித்தது. பணம் கை மாறியது.

டிரம்மில் ஓடுவதும் கடலில் ஓடுவதும் ஒன்றில்லை. அலையில் வள்ளம் குத்தி எழும் அதிர்ச்சி டிரம்மில் கிடையாது. கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் அலை அடிக்கும்போது ஒரு நொடி விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தது. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று பலமாக இருந்த ஒரு நாள், வலையை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது அப்படியே நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றி இன்ஜின் உடம்பில் வைத்து மச்சான் கயிற்றை இழுத்துப் பார்த்தார். பொறியே இல்லை.

பொறி இல்லாமல் நின்றால் கடலிலேயே செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. இன்ஜினை நிறுத்தும் ஸ்விட்சின் வயர் இன்ஜின் உடம்பைத் தொட்டால் இன்ஜின் நின்றுவிடும், அதன் அமைப்பே அதுதான். யமஹாவில் அந்த வயர் வெள்ளை நிறம், எர்த் கறுப்பு. வெள்ளை வயர் எங்காவது தேய்ந்து இரும்பில் பட்டிருந்தால், சி.டி.ஐ. பக்கம் உள்ள இணைப்பில் அதை உருவி விட்டாலே பொறி வந்துவிடும். மெதுவாகக் கரைக்கு வந்து, சோக்கை இழுத்தோ எரிபொருள் குழாயைக் கழற்றியோ இன்ஜினை நிறுத்திக்கொள்ளலாம். கடலில் போகிற பலருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். மேல்மூடியைத் திறந்தேன். உள்ளே எல்லா வயரும் சிவப்பு. வெள்ளை இல்லை, கறுப்பு இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றி மூலையில் திணித்து வைத்திருந்தார். ஆடும் வள்ளத்தில் எது எங்கே போகிறது என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

அந்தக் காற்றில் மிதந்து போனால் எந்தப் பக்கம் போவோம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவும் இலங்கையும் 1974 ஒப்பந்தத்தில் போட்ட எல்லைக்கோடு இங்கே அவ்வளவு தூரத்தில் இல்லை. இன்ஜின் பழுதாகி அந்தப் பக்கம் போனவர்களுக்கு என்ன ஆகிறது என்பதும் தெரியும். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல் என்பதால் நங்கூரம் பிடித்துக்கொண்டது. போனுக்கு சிக்னல் கிடைத்தது. சொந்தக்கார வள்ளம் ஒன்று வந்து கட்டி இழுத்துக் கரை சேர்த்தது. சிக்னல் இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் அழைக்கலாம். போனில் சேமித்து வையுங்கள்.

பிறகு வேறொரு பெரியவரிடம் கொண்டுபோனோம். அவர் எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

ஃப்ளைவீல் நட்டைச் சுற்றி உப்பும் பழைய பெயின்டும் சேர்ந்து கெட்டியாக உறைந்திருந்தது. அதில் ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை. ஃப்ளைவீலைக் கழற்ற புல்லர் என்ற இழுக்கும் கருவியைப் போட வேண்டும், அது இல்லாமல் வராது. முதல் மெக்கானிக் அதைக் கழற்றவே இல்லை. அடியில் அதே பழைய வயர்கள், அதே வெடிப்பு. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் வெட்டி, புது வயரை முறுக்கி ஒட்டுப்போட்டு டேப் சுற்றியிருந்தார். அந்தப் புது வயரும் வீட்டு வயரிங்குக்குப் போடுவது. உரித்தால் உள்ளே வெறும் செம்பு, அதுவும் அதற்குள் பச்சை பூத்திருந்தது. நிறுத்தும் ஸ்விட்ச் வயர் ஒரு கிளிப்புக்கு அடியில் நசுங்கி இன்ஜின் உடம்பில் பட்டுக்கொண்டிருந்தது. கடலில் எங்களை நிறுத்தியது அதுதான். எர்த் வயரின் லக்கை (நுனியில் மாட்டும் உலோகக் காது) பெயின்டின் மேலேயே வைத்து முறுக்கியிருந்தார்.

இன்னொன்றைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஓட்டுகிறவர் கையில் மாட்டிக்கொள்ளும் சுருள் கயிற்றின் ஸ்விட்சை இணைக்கவே இல்லை. கயிறு இருக்கிறது, மாட்டிக்கொள்கிறோம், ஆனால் இழுத்தால் எதுவும் நடக்காது. ஆள் தடுமாறிக் கடலில் விழுந்தால் இன்ஜின் தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஆள் இல்லாத வள்ளம் சுற்றி வந்து விழுந்தவர் மேலேயே ஏறும், கீழே விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கயிற்றை நம்பி மச்சான் தினமும் தனியாக நின்று ஓட்டியிருக்கிறார். பணத்தைத் திருடியதைக்கூட விட்டுவிடலாம், இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. வயரிங் வேலை முடிந்து வாங்கும்போது, இன்ஜின் ஓடும்போதே அந்தக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். உடனே நிற்க வேண்டும்.

"புது" சி.டி.ஐ.யின் மேல் இருந்த எண்ணைச் சுரண்டி எடுத்திருந்தார், அதன் வயர் நுனிகளில் பழைய ஈயம். எங்கோ கழற்றிய பழசு. எங்கள் சி.டி.ஐ. உண்மையிலேயே கெட்டிருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பொறி இல்லை என்றால் உடனே சி.டி.ஐ. மேல் பழி போடுவது பல இடங்களில் நடக்கிறது, ஏனென்றால் விலை கூடிய சாமான் அதுதான். முதலில் சி.டி.ஐ.க்கு மின்சாரம் தரும் சார்ஜ் காயில், பொறி விழும் நேரத்தைச் சொல்லும் பல்சர் காயில் இரண்டையும் மீட்டர் வைத்து ஓம் அளந்து, அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். நிறுத்தும் வயரைக் கழற்றிவிட்டுப் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்து அப்போதும் பொறி இல்லை என்றால்தான் சி.டி.ஐ. மேல் சந்தேகம் வரணும். எது மாற்றினாலும் பழசைக் கையில் வாங்குங்கள். "தூக்கிப் போட்டுட்டேன்" என்றால் பணத்தை நிறுத்தி வையுங்கள்.

பெரியவர் போட்ட வயர் வெள்ளீயம் பூசிய செம்பு. நுனியை உரித்தால் உள்ளே வெள்ளி மாதிரி மின்னும், இழைகள் மெல்லியதாக நிறைய இருக்கும். மேல்தோல் 105 டிகிரி வரை தாங்கும் என்று வயரிலேயே அச்சிட்டிருக்கும். சாதாரண வீட்டு வயர் 70 டிகிரிக்குத்தான். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு சின்ன இன்ஜினுக்கு எத்தனை மீட்டர் வந்துவிடும்? இணைப்புகளை முறுக்காமல் சரியான கருவியால் லக் அழுத்தி, உள்பக்கம் பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சூடு காட்டினார். பசை உருகி இரண்டு ஓரத்திலும் எட்டிப்பார்க்க வேண்டும், அப்போதுதான் உப்புத்தண்ணீர் உள்ளே ஏறாது. வெறும் ஈயம் மட்டும் வைத்து ஒட்டினால் அந்த இடம் விறைத்துப்போய், அதிர்வில் அதன் ஓரத்திலேயே வயர் ஒடியும். ஒவ்வொரு இணைப்பையும் என்னையே கையால் இழுத்துப் பார்க்கச் சொன்னார்.

பழைய நிறத்துக்கு அதே நிறம் போட்டார். வெள்ளை கிடைக்காத ஒரு இடத்தில் வேறு நிறம் போட்டு, இரண்டு நுனியிலும் வெள்ளைக் குழாய் மாட்டி அடையாளம் வைத்தார். காயில் தட்டிலிருந்து வரும் வயருக்குக் கொஞ்சம் தளர்வு விட்டு, ஆக்ஸிலேட்டரைக் கடைசி வரை திருகிப் பார்த்து, எங்கும் இழுபடவில்லை, ஃப்ளைவீலில் உரசவில்லை என்று உறுதி செய்த பிறகே மூடினார். வேலைக்கு முன்னும் பின்னும் நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். நீங்களும் எடுத்துவிடுங்கள்.

முதல் மெக்கானிக்கிடம் போய்க் கேட்டோம். "கடல்ல போற சாமான், உப்புத்தண்ணி பட்டா போகத்தான் செய்யும். நான் என்ன பண்றது?" என்றார். போட்டோக்களைக் காட்டிய பிறகு மூவாயிரம் ரூபாயை எடுத்து நீட்டினார். எங்கள் சி.டி.ஐ. எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

மீன்பிடித் தொழிலுக்கு வாங்கிய சாமான் என்பதால் நுகர்வோர் வழக்கு போட முடியாது என்று சிலர் சொன்னார்கள். அது தவறு. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் சாமானை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம், நாங்கள் செய்துவிட்டோம். எங்களுக்குக் கை கட்டிய மாதிரி இருப்பது அந்த வெள்ளைத் தாள்தான். கடை முத்திரை இல்லை, என்ன வயர், எத்தனை மீட்டர், ஃப்ளைவீல் கழற்றுவது உண்டா, சி.டி.ஐ. எண் என்ன, எதுவும் அதில் இல்லை. இன்ஜினை இறக்கி வைப்பதற்கு முன்னாலேயே இவ்வளவையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் இன்ஜினை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.