ஆர்சி இல்லாத டிரெய்லருக்கு ஆர்சி: பரிவாகன், ஆர்டிஓ கவுண்டர், ஏஜென்ட் – எதில் எவ்வளவு நடக்கும்?

தமிழ்நாடு–கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் யாராவது ‘டெய்லர்’ என்றால் துணி தைப்பவரைத் தேட வேண்டாம். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற டிரெய்லரைத்தான் சொல்கிறார்கள். தேங்காய் மட்டையும் சாணி எருவும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு மாநில எல்லையைத் தாண்டிப் போய்வரும் இந்தப் பெட்டிகள் கைமாறும்போது, பலருக்கு ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, ஞாபகமே வருவதில்லை. டிராக்டருக்கு புக் இருந்தால் போதும், டிரெய்லர் அதில் அடக்கம் என்ற நினைப்பு.

அடக்கம் இல்லை. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் ஒரு மோட்டார் வாகனமாகத்தான் கணக்கில் வைக்கிறது. பிரிவு 61-ன்படி அதற்குத் தனிப் பதிவு, தனி நம்பர். பதிவில்லாமல் ரோட்டில் இறக்கினால் பிரிவு 192-ல் முதல் தடவையே 2,000-க்குக் குறையாமல் 5,000 வரை அபராதம். அபராதத்தைவிட மோசமானது இன்சூரன்ஸ். டிராக்டர் பாலிசியில் டிரெய்லரைச் சேர்க்காமல் ஓட்டி விபத்து நடந்தால், கம்பெனி முதலில் கிளப்பும் ஆட்சேபனையே அதுதான். சேர்க்கப் போனால் டிரெய்லரின் நம்பரைக் கேட்பார்கள்.

எந்த வழியில் போனாலும் முதலில் வேண்டியது சேசிஸ் நம்பர். பெரும்பாலும் முன்பக்கம், இழுவைக் கம்பி சேசிஸோடு சேருமிடத்துக்குப் பக்கத்து நீளச் சட்டத்தில் குத்தியிருக்கும். ரிவெட் அடித்த தகடு தனியாக இருக்கலாம். ஆனால் தகட்டைக் கழற்றி வேறு வண்டியில் மாட்ட முடியும் என்பதால் ஆபீசில் பார்ப்பது குத்திய எழுத்தைத்தான். பத்து வருட பெயின்ட்டும் சேறும் அதை மூடியிருக்கும். இந்த இடத்தில்தான் பலர் கெடுக்கிறார்கள். பட்டறைக்குக் கொண்டுபோய் கிரைண்டர் வைத்துத் தேய்க்கிறார்கள். பெயின்ட்டோடு எழுத்தும் போகிறது. அப்புறம் எம்விஐ (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்வைக்கு அது ‘நம்பர் அழிக்கப்பட்ட வண்டி’. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தின்னரில் நனைத்த துணியை அரைமணி நேரம் மேலே போட்டு, ஊறியதும் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, சாக்பீஸைப் படுக்கப் போட்டுத் தடவினால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து தெரியும். பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து நாலைந்து பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். 3-ம் 8-ம், 5-ம் எஸ்-ஸும், 0-வும் ஓ-வும் துருவில் ஒன்றுபோலத்தான் இருக்கும். பழைய ரெஜிஸ்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றியவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அதனால் சந்தேக எழுத்துக்கு இரண்டு வாசிப்பையும் குறித்து வையுங்கள்.

இனி பரிவாகன், அதாவது மத்திய அரசின் வாகன இணையதளம். வண்டி நம்பரும் சேசிஸின் கடைசி ஐந்து எழுத்தும் சரியாக இருந்து, உரிமையாளரின் மொபைலுக்கு ஓடிபி வந்தால், டூப்ளிகேட் ஆர்சிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. வீட்டிலிருந்தோ, தமிழ்நாட்டில் இ-சேவை மையத்திலோ, கேரளத்தில் அக்ஷயாவிலோ ஃபாரம் 26 போட்டு, கட்டணத்தைக் கட்டி, ரசீதை எடுத்துவிடலாம். வண்டி நம்பர், அதில் இருக்கும் கடன், பதிவுக் காலம் எல்லாம் திரையிலேயே தெரிந்துவிடுவதால் ஏஜென்ட் சொல்லும் கதையைச் சரிபார்க்கவும் இதுவே உதவும். இன்னொன்று: ரெக்கார்ட் ஏற்கெனவே உங்கள் பேரில் இருந்தால், டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் வரும் ஆர்சியை ரோட்டில் காட்டினால் போதும்.

டூப்ளிகேட்டுக்கு போலீஸ் தாள் ஒன்று வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 53 சொல்வது, எந்த ஸ்டேஷன் எல்லையில் தொலைந்ததோ அங்கே தகவல் கொடுக்க வேண்டும் என்று. தமிழ்நாட்டில் தொலைந்திருந்தால் காவல்துறை இணையதளத்திலேயே எல்டிஆர் (தொலைந்த ஆவண அறிக்கை) எடுத்துவிடலாம். வேலந்தாவளம் சந்தையில் தொலைத்துவிட்டு, சுலபம் என்பதற்காகப் பொள்ளாச்சியில் தொலைந்ததாக எழுதாதீர்கள். தொலைந்த இடம், தேதி, வண்டி நம்பர் மூன்றும் ஃபாரம் 26-லும் போலீஸ் தாளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கவுண்டரில் திருப்பிக் கொடுப்பார்கள்.

பரிவாகன் முட்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு. டூப்ளிகேட் கேட்கும் உரிமை ரெக்கார்டில் பேர் இருப்பவருக்குத்தான். காசு கொடுத்து வாங்கி, வாசலில் நிறுத்தி, டயர் மாற்றி, பெயின்ட் அடித்தவருக்கு இல்லை. ஓடிபியும் அவருக்கே போகும். ஆகவே பழைய உரிமையாளரைத் தேடிப் பிடிப்பதுதான் வேலையில் முக்கால் பங்கு. அவர் முதலில் டூப்ளிகேட் எடுக்க வேண்டும். பிறகு விற்பவர் ஃபாரம் 29-லும் இருவரும் சேர்ந்து 30-லும் கையெழுத்திட்டால் பேர் மாறும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 50. தாமதத்துக்குக் கூடுதல் கட்டணம்.

“எப்பவோ வித்தாச்சு, இனி நான் எதுக்கு அலையணும்?” என்று அவர் முகம் திருப்பினால் ஒன்றை நிதானமாகச் சொல்லுங்கள். ரெக்கார்டில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நாளைக்கு இந்தப் பெட்டி பைக்காரர் மேல் இடித்தால் நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தான் போகும். வழிச்செலவைக் கொடுத்து அழைப்பதைவிட இந்த ஒரு வாக்கியம் நன்றாக வேலை செய்யும்.

உரிமையாளர் இறந்திருந்தால் ஃபாரம் 31. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் பத்திரத்தாளில். முதலில் வாரிசு பேருக்கு, அப்புறம் உங்கள் பேருக்கு. கேரளத்தில் வாரிசுச் சான்றுக்கு அரசிதழில் அறிவிப்பு வந்து, ஆட்சேபனைக் காலம் முடிய வேண்டும். ஆகவே பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலூகாவில் அந்தக் குடும்பம் இருந்தால் மாதக் கணக்கில் காத்திருக்கத் தயாராகுங்கள். வங்கியோ சங்கமோ ஏலம் விட்டதை எடுத்தவர்களுக்கு வேறு வழி: ஃபாரம் 32-ஐ ஏல உத்தரவோடு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஏலத்தன்றே உத்தரவில் சேசிஸ் நம்பர் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடன் பதிவு நிற்கிறதென்றால், அடைத்து எத்தனை வருடமானாலும் ஃபாரம் 35-ம் கடன் கொடுத்தவரின் தடையின்மைக் கடிதமும் இல்லாமல் எதுவும் நகராது.

எல்லைக்காரர்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது. டிஎன் 41 நம்பர் டிரெய்லர் கொழிஞ்சாம்பாறைத் தோட்டத்திலேயே தங்கிவிட்டது என்று வையுங்கள். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புது நம்பர் எடுக்க வேண்டும்; சித்தூர் ஆபீசென்றால் கேஎல் 70. அதற்கு முன் பொள்ளாச்சியிலிருந்து ஃபாரம் 28-ல் என்ஓசி (தடையின்மைச் சான்று). அதில்தான் அந்தப் பென்சில் பிரிண்ட் ஒட்ட வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் என்ஓசி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று பிரிவு 48 சொல்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அடுத்த ஆபீஸ் கையில் தாளைக் கேட்கும் என்பதால் அதை நம்பி உட்காராதீர்கள். திருட்டு வண்டி இல்லை என்பதற்கு என்சிஆர்பி (தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்) தளத்தில் எடுக்கும் அறிக்கையை முதலிலேயே சேர்த்துக் கொடுத்தால் ஒரு நடை மிச்சம்.

ஆர்டிஓ கவுண்டரைப் பற்றி: கம்ப்யூட்டருக்கு ஏறாத பழைய நம்பர், எழுத்துப் பிழை, துரு தின்ற சேசிஸ், இந்த மூன்றுக்கும் நேரில் போவது தவிர வழியில்லை. பழைய வரி ரசீது, இன்சூரன்ஸ் தாள், கடன் பத்திரம், எதில் நம்பர் இருந்தாலும் கொண்டுபோங்கள். எழுத்து மங்கியிருந்தால் மனுக் கொடுத்து, எம்விஐ பார்த்து, அனுமதி தந்த பிறகே திரும்பக் குத்தலாம். பதிவுக் காலம் 15 வருடம் தாண்டியிருந்தால் ஃபாரம் 25-ல் புதுப்பிப்பும் சேரும். அதற்கு வண்டியையே கொண்டுபோக வேண்டும். பின் விளக்கு, ரிஃப்ளெக்டர், டயர், இழுவைப் பின் எல்லாம் பார்ப்பார்கள்.

ஏஜென்ட்? தாள் நிரப்ப, வரிசையில் நிற்க, தேதி வாங்கக் காசு கொடுப்பதில் தப்பில்லை. “பழைய ஓனர் வேண்டாம், கையெழுத்தை நான் பார்த்துக்கிறேன்” என்று சொன்ன நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். அதைவிட ஆபத்தானவர், காயலான் கடையில் உடைத்த டிரெய்லரின் ஆர்சியைக் கொண்டுவந்து அதன் நம்பரை உங்கள் சேசிஸில் குத்தித் தருபவர். மோசடி வழக்கில் முதலில் மாட்டுவது வண்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான்.

உள்ளூர் வெல்டிங் பட்டறையில் அடித்த, ஒருநாளும் பதிவே ஆகாத பெட்டிக்கு இந்த மூன்றிலும் வழியில்லை. பதிவு செய்ய ஃபாரம் 20-ஓடு தயாரிப்பாளரின் ஃபாரம் 21 விற்பனைச் சான்றும், ஃபாரம் 22 தகுதிச் சான்றும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளர்தான் அவற்றைத் தர முடியும். அந்தப் பெட்டியை இரும்பு விலைக்கு மேல் வாங்காதீர்கள்; தோட்டத்துக்குள் ஓட்டலாம், ரோட்டுக்கு வரக்கூடாது.

ஆர்சி கைக்கு வந்ததும் பெயின்டரிடம் இரண்டு நம்பர் எழுதச் சொல்லுங்கள்: டிரெய்லரின் சொந்த நம்பர் பக்கவாட்டில், இழுக்கும் டிராக்டரின் நம்பர் பின்னால். இரண்டு டிராக்டர் மாற்றி மாட்டுகிறவர்கள் பின்னால் உள்ள நம்பர் பலகையைக் கொக்கியில் தொங்கவிடுவது உத்தமம்.