உண்ணி கடித்தால் சீமெண்ணெயா, பீடி நெருப்பா, முள்வாங்கியா?

காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலத்தில் மாடும் செம்மறியும் மேய்ப்பவர்களுக்கு உண்ணி புதிதல்ல. மேலில் ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் ஒருவர் சீமெண்ணெய் என்பார், இன்னொருவர் பீடியால் சுடச் சொல்வார். முள்ளெடுக்க எப்போதும் கையில் இருக்கும் முள்வாங்கி மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது. என் ஓட்டு அதற்குத்தான்.

உண்ணி சும்மா கவ்விக்கொண்டிருப்பதில்லை. பின்னோக்கிய முட்கள் கொண்ட வாயைத் தோலுக்குள் இறக்குகிறது. பல இனங்கள் பசை போல ஒன்றைச் சுரந்து அதை இறுக்கியும் வைக்கின்றன. சீமெண்ணெய், வேப்பெண்ணெய், சுண்ணாம்பு எதைத் தடவினாலும் அது உடனே விட்டு விழாது. ரொம்ப மெதுவாக மூச்சு விடும் பூச்சி, திணறிச் சாக நேரமாகும். அதுவரை எச்சில் உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம், கிருமி வருவதும் அந்த எச்சிலில்தான். நெருப்பில் இதோடு தோலும் வெந்துபோகும். குழந்தைக்குச் சுடவே கூடாது.

நகத்தால் கிள்ளினால் வயிறு நசுங்கும், வாய் உள்ளேயே தங்கலாம். ஆனால் காட்டில் வேறு எதுவும் இல்லையென்றால், வீடு போகும்வரை காத்திருப்பதைவிடத் துணியை வைத்துப் பிடித்து இழுப்பது மேல்.

முள்வாங்கியிலும் கூர்முனைதான் வேண்டும். புருவம் திருத்தும் பட்டை முனை வயிற்றை அமுக்கிவிடும். தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேர் மேலே ஒரே சீராக இழுங்கள். நாய்க்கு வாங்கும் உண்ணிக் கொக்கியும் நல்லதே, அதை மட்டும் சுழற்றி எடுக்க வேண்டும். வாய் உள்ளே தங்கி, சுலபமாக வரவில்லையா? சரி, விட்டுவிடுங்கள், தோலே தள்ளிவிடும். ஊசியால் கிளறாதீர்கள். எடுத்த உண்ணியை விரலால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள்.

அப்புறம் காயத்துக்கு மஞ்சளா, சோப்பா? சோப்பும் தண்ணீரும்தான். கழுவியபின் கொஞ்சம் ஸ்பிரிட் போதும். சில நாள் அரிப்பும் சின்னத் தடிப்பும் இருப்பது சகஜம்.

கடித்த தேதியைக் குறித்து வையுங்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உள்ளங்கை உள்ளங்காலில் புள்ளிகள், கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு என எது வந்தாலும் மருத்துவரிடம் போய், உண்ணி கடித்ததை முதலில் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தாலே பாக்டீரியாவுக்கு எதிரான டாக்சிசைக்ளின் மருந்தைத் தொடங்குவார்கள், தாமதித்தால் ஆபத்து. கர்நாடக எல்லைக் காட்டுக்குள் போயிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1957இல் அம்மாநிலத்தில் கண்டறிந்த குரங்குக் காய்ச்சலும் உண்ணியால் பரவுவதுதான். அது வைரஸ் என்பதால் டாக்சிசைக்ளின் அதற்குக் கேட்காது.