மெக்ராத்தா, டன்னா?

அயர்லாந்துக் கால்பந்து அணியின் சிறந்த டிஃபெண்டர், அதாவது தடுப்பாட்டக்காரர், பால் மெக்ராத்தா, ரிச்சர்ட் டன்னா? பெரும்பாலானோர் மெக்ராத் என்பார்கள். நானும்தான். ஆனாலும் டன்னை அவ்வளவு லேசில் தள்ளிவிட முடியாது.

மெக்ராத் டப்ளின் அனாதை இல்லங்களில் வளர்ந்தவர். மான்செஸ்டர் யுனைடெட் கிளப் 1989இல் அவரை ஆஸ்டன் வில்லா கிளப்புக்கு விற்றபோது முழங்கால்கள் ஏற்கெனவே போயிருந்தன. அங்கே பயிற்சிக்கே சரியாக இறங்காமல், நேராக ஆட்டத்தில் ஆடினார். அப்படி ஆடித்தான் 1993இல் சக வீரர்கள் வாக்களித்துத் தரும் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். 1994 உலகக் கோப்பையில் இத்தாலியை 1-0 என வென்ற ஆட்டத்தில், பந்து எங்கே வரும் என்று இத்தாலியின் நட்சத்திர முன்கள வீரர் பாஜியோவுக்கு முன்பே இவருக்குத் தெரிந்ததுபோல் இருந்தது. ஓடவே வேண்டாம், நின்ற இடத்திலேயே வேலை முடிந்துவிடும்.

டன் வேறு ரகம். இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீகில் 10 சேம்சைடு கோல், 8 சிவப்பு அட்டை. கேலி செய்ய இது போதும். ஆனால் எப்போதும் பந்துக்கு முன்னால் போய் விழுபவன் காலில்தானே அது பட்டுத் திரும்பும்? மான்செஸ்டர் சிட்டி தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அவரையே அணியின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தது.

அப்புறம் மாஸ்கோ, செப்டம்பர் 2011, ரஷ்யாவுடன் அயர்லாந்து ஆடிய ஆட்டம். மைதானத்தைச் சுற்றியிருந்த ஓட்டப்பந்தயத் தடத்தில் விழுந்து டன்னின் முகம் கிழிந்தது. ரத்தம் ஊறிய சட்டையைக் கழற்றிவிட்டு, முதுகில் தன் எண்ணான 5ஐப் பேனாவால் எழுதிய வேறொன்றை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். ரஷ்யாவால் ஒரு கோலும் போட முடியவில்லை.

மொத்த ஆட்டத்திறனுக்கு மெக்ராத். அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் டன்.