ஆற்றை வரைய விண்டன் எண்ணெய் வண்ணம்: எந்த டியூப் வாங்கலாம், எதை விடலாம்

ஆற்றங்கரைக் காட்சியைத் தத்ரூபமாக எண்ணெய் வண்ணத்தில் வரையப் பழகுகிறவர்களுக்கு, வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனத்தின் விண்டன் வரிசை தாராளமாகப் போதும். பெட்டியாக வாங்காமல் உதிரியாக ஐந்து டியூப் வாங்குங்கள். டைட்டானியம் ஒயிட் 200 மி.லி. இருக்கட்டும். பிரெஞ்ச் அல்ட்ராமரைன் (நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), காட்மியம் எல்லோ பேல் ஹியூ நான்கும் 37 மி.லி. போதும். வானமும் தூரத்து மலையும் நீரின் பளபளப்பும் வெள்ளையை விழுங்கிக்கொண்டே இருக்கும். சின்ன டியூப் என்றால் பாதிப் படத்திலேயே தீர்ந்துவிடும்.

விண்டன் மாணவர் தரம். நிறமி குறைவு என்பதால் வெள்ளை சேர்த்ததும் நிறம் சீக்கிரம் வெளுக்கும். நீலத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும். லேபிளில் ‘ஹியூ’ என்று இருந்தால், பெயரிலுள்ள நிறமிக்குப் பதிலாக அதே சாயல் தரும் வேறொன்று உள்ளே இருக்கிறது என்று பொருள். மஞ்சளில் இதனால் பெரிய நஷ்டமில்லை.

சிக்கல் விரிடியன் ஹியூ என்ற பச்சை டியூபில்தான்; அதை விட்டுவிடுங்கள். அசல் விரிடியன் அடக்கமான பச்சை. இதில் இருப்பதோ தாலோ பச்சை (நிறமிக் குறியீடு பி.ஜி. 7). கடுகளவு விழுந்தாலும் கலவை முழுவதும் அதுவே ஆகிவிடும்; கரையோர மரங்கள் பிளாஸ்டிக் இலை மாதிரி நிற்கும். அல்ட்ராமரைனோடு மஞ்சளும், துளி பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் ஆற்றோரப் பச்சை வந்துவிடும்.

திருநெல்வேலி குறுக்குத்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிக்குள் முருகன் கோயில், கரையில் கல் மண்டபங்கள். 12×16 அங்குல கேன்வாஸில் டர்பன்டைனில் கரைத்த பர்ன்ட் சியன்னாவை மெல்லப் பூசித் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். வெள்ளைத் துணிமேல் நேரடியாக வரைந்தால் எல்லா நிறமும் இருட்டாகத் தெரியும், பயந்து வெளுக்க வைத்துவிடுவோம். அல்ட்ராமரைன் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு சேர்த்தால் கருப்புக்கு நிகரான இருட்டு கிடைக்கும். கருப்பு டியூபே வேண்டாம். அந்த இருட்டுக் கலவையில் வெள்ளையும் ஓக்கரும் சேர்ந்தால் மண்டபத்துக் கல்.

பிரதிபலிப்பில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மண்டபத்தை அப்படியே தலைகீழாக நகலெடுத்தால் நீர் கண்ணாடியாகிவிடும். வெளிச்சப் பக்கம் நீரில் ஒரு படி மங்க வேண்டும், இருண்ட பக்கம் ஒரு படி வெளுக்க வேண்டும். முதலில் மேலிருந்து கீழாகத் தீற்றுங்கள். ஈரம் காயும் முன், வண்ணமில்லாத மென்மையான ஃபிளாட் பிரஷ்ஷை ஒரே ஒரு முறை குறுக்கே இழுங்கள். மூன்றாவது முறை இழுத்தால் சேறுதான். தூரத்து நீரில் வானம் தெரியும். காலடி நீரில் அடிமணலும் கூழாங்கல்லும் தெரியும். அங்கே ஓக்கரும் சியன்னாவும்தான் பேச வேண்டும், நீலம் அல்ல.

விண்டன் சற்றுக் கெட்டியான வண்ணம். கல்லுக்கும் மரப்பட்டைக்கும் அது வரம். நாணலுக்கும் சிற்றலைக் கோட்டுக்கும் ஒத்துழைக்காது. அந்த இடத்தில் இரண்டு சொட்டு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) விடுங்கள். டர்பன்டைனை மட்டுமே ஊற்றி நீர்த்தால் பிடிமான எண்ணெய் போய், காய்ந்தபின் தேய்த்தால் பொடியாக உதிரும். கீழ் அடுக்கில் டர்பன்டைன், மேலே போகப் போக எண்ணெய் என்பதே வரிசை. மாற்றிச் செய்தால், மெதுவாகக் காயும் அடியின்மேல் சீக்கிரம் காய்ந்த மேல்பூச்சு வெடிக்கும்.

மெல்லிய பூச்சு தொடுமளவு காய நிறத்தைப் பொறுத்து 2 முதல் 12 நாள் ஆகும். பர்ன்ட் சியன்னா சீக்கிரம், டைட்டானியம் ஒயிட் தாமதம். காய்ந்தபின் இருண்ட நீர் மட்டும் மங்கலாகச் சுண்டியிருந்தால் வண்ணம் கெட்டுவிட்டதென்று எண்ண வேண்டாம். எண்ணெயை அடிப்பூச்சு உறிஞ்சியிருக்கிறது. லின்சீட் ஆயிலைத் துணியில் தொட்டு மெல்லத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து எறியுங்கள். வார்னிஷ் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம்.

கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால், அதே நிறுவனத்தின் கலைஞர் தர வரிசையில் அசல் விரிடியன் ஒரு டியூப் வாங்குங்கள். விண்டனோடு தயங்காமல் கலக்கலாம்.