‘ஆட்டோ ஹார்மனி’ கீபோர்டு: முதலில் இடது கையைத் தூக்கச் சொல்லுங்கள்

கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பாட்டுக் குழுவுக்கோ கீபோர்டு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 31,500 ரூபாய் கொடுத்து நான் கற்றுக்கொண்டது. அதில் என் காசு ஒரு பைசா கிடையாது, அத்தனையும் எங்கள் சர்ச் சபைக் காசு. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எங்கள் ஊர் நெல்லைப் பக்கம். சபைக் கொயரில் (பாட்டுக் குழுவில்) ஒரு காலத்தில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் நாலு குரலும் நிறைந்திருந்தது. இப்போது டெனர் பாடிய பையன்கள் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள். ஆல்டோவில் மிச்சம் ஒரு டீச்சரம்மா, அவர்களுக்கும் முட்டுவலி. பாமாலை என்ற எங்கள் சபைப் பாட்டுப் புத்தகத்தின் பாட்டானாலும் எல்லாரும் மெட்டை மட்டும் ஒரே குரலில் பாடிவிட்டு உட்காருகிறோம். இந்த நிலைமையில் ‘ஆட்டோ ஹார்மனி’ (மெட்டுக்கு ஒத்த சுரங்களைக் கீபோர்டே தானாகச் சேர்ப்பது) என்ற வார்த்தை காதில் விழுந்தால் ஆசை வராமல் இருக்குமா?

கடைக்காரர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “அண்ணாச்சி, ஒத்தை விரல் போதும். நீங்க மெட்டை வாசிங்க, மத்த மூணு பார்ட்டையும் மிஷினே போட்டுக்கிடும். மைக்கைச் சொருகிப் பாடுனா உங்க குரலையே நாலாக்கிக் குடுக்கும்.” வாசித்தும் காட்டினார். வலது கை மட்டும் கட்டைமேல், வயலின்கள் கூட்டமாக எழும்பின. கூட வந்திருந்த ஐயரவாள் (எங்கள் சபைப் போதகர்) கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். ஒருவராவது திறந்து வைத்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் மெட்டை வாசித்து வாசித்துப் பார்த்தேன். ஒற்றைச் சுரம்தான் வந்தது. நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்து, கையேட்டை வைத்து மல்லுக்கட்டினேன். சனிக்கிழமை கொயர் பிராக்டிஸுக்கு வந்த கமிட்டிச் செயலாளரின் பேரன், ஆறு வயது, எதையோ அழுத்தினான். கடையில் கேட்ட அதே வயலின் கூட்டம். “தாத்தா, கடை மாமா வாசிச்ச பாட்டு!” அவன் அழுத்தியது டெமோ பட்டன். உள்ளேயே பதிந்து வரும் பாட்டு அது. கடைக்காரர் விரலை மட்டும்தான் ஆட்டியிருக்கிறார்.

ஆட்டோ ஹார்மனி என்பதே பொய் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் லவ்ரி ஆர்கன்களில் 1960-களிலேயே இந்த வசதி இருந்தது. நாங்கள் வாங்கிய கருவியிலும் இருக்கிறது, கையேட்டில் எழுதியிருப்பதைச் சரியாகவே செய்கிறது. அதனால்தான் பிராண்டு பெயரை எழுதவில்லை. கடைக்காரர் சொன்ன வேலையை அது செய்யாது, அவ்வளவுதான்.

அது உண்மையில் செய்வது இது. ஸ்டைல் கார்டு வசதியை (இடது கைக்கு ஏற்பப் பக்கவாத்தியம் தானாக ஓடும் வசதி) போட்டுவிட்டு, கட்டைகளின் இடப்பக்கத்தில் ஒரு கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) பிடிக்க வேண்டும். மிஷின் அதை அடையாளம் கண்டு, வலது கை வாசிக்கும் சுரத்தோடு அந்தக் கார்டுக்கு ஒத்த ஒன்றிரண்டு சுரங்களைச் சேர்க்கும். C மேஜர் (C, E, G) பிடித்துக்கொண்டு மேலே E வாசித்தால் கீழே C, G என்று சேரும். டூயட், பிளாக் என்று பல வகைகள் உண்டு. இடது கையில் கார்டு இல்லையென்றால் இந்த வகைகள் ஒன்றும் சேர்க்காது. யமஹாவில் ‘ஹார்மனி’ என்றும் காசியோவில் ‘ஆட்டோ ஹார்மனைஸ்’ என்றும் பெயர். ஹார்மனி பட்டியல் என்று காட்டப்படுவதில் டிரில், டிரெமோலோ, எக்கோ என்று சுரத்தை அதிரவும் எதிரொலிக்கவும் மட்டும் வைக்கிற எஃபெக்டுகளும் கலந்திருக்கும். எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஒரு கட்டையை அழுத்தினாலே முழுக் கார்டாக எடுத்துக்கொள்ளும் ஒற்றை விரல் கார்டு உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் யமஹாவில் மைனர் கார்டு (மேஜரின் நடுச் சுரம் அரைச் சுரம் இறங்கியது) வேண்டுமென்றால் மூல சுரத்தோடு (கார்டின் பெயர்ச் சுரம்) அதற்கு இடப்பக்கமுள்ள கறுப்புக் கட்டையையும் அழுத்த வேண்டும், காசியோவில் வலப்பக்கம் ஏதாவது இன்னொரு கட்டை. ஒன்றில் பழகிவிட்டு மற்றதில் உட்கார்ந்தால் மேஜரும் மைனரும் தடுமாறும். பாமாலைப் பாட்டிலோ அடிக்கு அடி கார்டு மாறும். ஒரு நொடி பிந்தினால் புது மெட்டுக்குப் பழைய கார்டின் சுரம் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு சுத்தமாக இடது கையை மாற்றத் தெரிந்தவர் நாலு பார்ட்டையும் நேராகவே வாசித்துவிடுவார், அவருக்கு இந்தப் பட்டன் எதற்கு?

இன்னொன்று, கொயர் ஆட்களுக்கு மட்டும். நம் ஆல்டோ பல இடங்களில் ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருக்கும், சோப்ரானோ மட்டும் மேலே நடக்கும். பேஸ் எதிர்த்திசையில் இறங்கும். மிஷினுக்கு அந்த நடையெல்லாம் தெரியாது. மெட்டு ஏறினால் அதன் பின்னாலேயே எல்லாமும் ஏறும், இறங்கினால் எல்லாமும் இறங்கும். மாயாமாளவகௌளையில் ஒரு கீர்த்தனை வாசித்துப் பார்த்தேன். C மேஜர் பிடித்தபடி, அதோடு மோதும் சுத்த ரிஷபத்தைத் தொட்டதும் டீச்சரம்மா காதைப் பொத்திக்கொண்டார்கள்.

மைக் விஷயம்தான் முழு மோசடி. மைக் சொருகத் துளை இருக்கிறது. பாடினேன், என் குரல் ஸ்பீக்கரில் வந்தது, ஒன்றாகவே. பாடும் குரலைப் பல குரலாக்குவது ‘வோக்கல் ஹார்மனி’ என்ற வேறு வசதி, விலை கூடிய மாடல்களில்தான் வரும். யமஹா பிஎஸ்ஆர்-எஸ்970-இல் அது உண்டு, அதன் கூடப்பிறந்த எஸ்770-இல் கிடையாது. பெட்டியிலோ கையேட்டிலோ அந்த இரண்டு வார்த்தை சேர்ந்து இல்லையென்றால் மைக் வெறும் மைக்தான்.

ஆகவே கடையில் மூன்று காரியம் செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த மெட்டை வாசிக்கச் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்ததை அல்ல. பாதியில் இடது கையைத் தூக்கச் சொல்லுங்கள். பிறகு வலது கையையும். அதற்குப் பிறகும் மெட்டு ஓடினால் வாசலைப் பார்த்து நடையைக் கட்டுங்கள்.

திரும்பக் கொண்டுபோனபோது, “பெட்டி பிரிச்சாச்சே அண்ணாச்சி” என்றார். பில் கேட்டேன். கொடுத்திருந்தது துண்டுச் சீட்டு. அதில் மாடல் எண்ணே இல்லை, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது. பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் போடாதபோது, 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லி விற்பதும் அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்தேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு அங்கே கட்டணமும் இல்லை. துண்டுச் சீட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று, தேதியும் தொகையும் அவர் கையெழுத்தில் இருக்கிறது.

போன வாரம் கடைக்காரரே கூப்பிட்டார். புகாரை வாபஸ் வாங்கினால் ஒரு ஸ்டாண்டு இலவசமாகத் தருகிறாராம். ஸ்டாண்டு எங்களிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது.