நண்டுக் குழம்புக்கு ரீஸ்லிங்கா, ரோசேயா? ரொறன்ரோக் கோடைச் சாப்பாட்டுக்கு நான்கு வைன்கள்

ஜூன் கடைசியில் ரொறன்ரோவில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகிவிடும். அந்த வெளிச்சத்தை வீணாக்க யாருக்கும் மனம் வராது, இரவுச் சாப்பாடு பின்வளவுக்குப் போய்விடும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் வீடுகளில் ஒரு பக்கம் பார்பிக்யூவில் கோழி வேகும், இன்னொரு பக்கம் அடுக்களையிலிருந்து நண்டுக் குழம்பு வரும். விஸ்கிக்கும் பியருக்கும் நடுவே இப்போது வைன் போத்தலும் மேசையில் இடம் பிடித்திருக்கிறது. ஆனால் எதை வாங்குவது என்று கேட்டால் "இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை" என்ற பதில்தான் கிடைக்கும். அது மிளகாய்த்தூள் அறியாத சமையலுக்குச் சொன்ன விதி. எங்கள் சாப்பாட்டில் முதலில் பார்க்க வேண்டியது உறைப்பு, அடுத்தது புளி. மீனா இறைச்சியா என்பதெல்லாம் அப்புறம்.

கடையில் சுலபமாகக் கிடைக்கும் நான்கை எடுத்துக்கொள்வோம்: சற்றே இனிப்பான நயாகரா ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன், பிரான்சின் புரொவன்ஸ் ரோசே என்ற இளஞ்சிவப்பு வைன், நியூசிலாந்தின் மார்ல்பரோ சோவினியோன் பிளாங்க் என்ற இன்னொரு வெள்ளை வைன், நயாகராவிலேயே விளையும் கமே என்ற சிவப்பு வைன்.

மேசைக்குப் போகுமுன் உறைப்பின் கணக்கைப் பார்த்துவிடலாம். மிளகாயின் கப்சாய்சின் நாக்கில் சூட்டை உணரும் நரம்பு ஏற்பியைத்தான் தட்டுகிறது. அல்கஹோலும் அதே ஏற்பியைச் சீண்டும். அதனால் 14.5 சதவீத ஷிராஸ் என்ற சிவப்பு வைனை உறைப்புக் கறியோடு குடித்தால் வாய் இன்னும் எரியும். (விஸ்கி 40 சதவீதம். எரிச்சல்தான் சுகம் என்பவர்களோடு வாதாடுவதில் பயனில்லை.) சிவப்பு வைனில் துவர்ப்பைத் தரும் டானின் இந்த எரிச்சலோடு சேர்ந்தால் கசப்பாக மாறும். இனிப்பு எரிச்சலைத் தணிக்கும், குளிர்ச்சியும் தணிக்கும். புளி விஷயம் வேறு மாதிரி. பழப்புளி விட்ட குழம்புக்குப் பக்கத்தில் புளிப்புக் குறைந்த வைன் சப்பென்று போய்விடும். ஆக, நமக்கு வேண்டியது குறைந்த அல்கஹோல், நல்ல புளிப்பு, கொஞ்சம் இனிப்பு, குறைந்த டானின்.

முதலில் நண்டு. யாழ்ப்பாணத்துத் தூள், பழப்புளி, கடைசியில் முருங்கையிலை போட்டு இறக்கிய குழம்பு. இங்கே ரீஸ்லிங்குக்கு எதிராக மற்ற மூன்றும் நிற்கவே முடியாது என்பது என் கட்சி. 10 முதல் 11 சதவீத அல்கஹோல், கூர்மையான புளிப்பு, உறைப்பைப் பிடித்து இறக்குகிற அளவுக்கு இனிப்பு. நண்டுச் சதையிலும் மெல்லிய தித்திப்பு உண்டு, வைனின் இனிப்பு அதைத் தூக்கிக் காட்டும். புரொவன்ஸ் ரோசே பார்க்க இளஞ்சிவப்பாக இருப்பதால் இனிக்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். அது பெரும்பாலும் இனிப்பே இல்லாத வைன், அல்கஹோலும் 12.5, 13 சதவீதம் வரை போகும். உறைப்புக் குழம்போடு அதன் மெல்லிய பழவாசம் காணாமல் போய், ஈரமும் குளிரும் மட்டும்தான் மிஞ்சும். சோவினியோன் பிளாங்கில் புளிப்பு தாராளம், ஆனால் எரிச்சலைத் தணிக்க இனிப்பு இல்லை. கமேயை நண்டுப் பக்கம் கொண்டு போகவே வேண்டாம். சிவப்பு வைனோடு கடலுணவு சாப்பிட்டால் வாயில் மீன் நாற்றம் தங்குவதற்கு வைனில் உள்ள இரும்புச் சத்து ஒரு காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். பழைய விதியில் இந்த ஒரு பாதி மட்டும் எங்கள் வீட்டிலும் செல்லும்.

ரீஸ்லிங் வாங்குவதில் ஒரு சிக்கல். அதில் துளி இனிப்பில்லாததும் உண்டு, தேன் மாதிரி இனிப்பதும் உண்டு, போத்தல்கள் ஒரே மாதிரி நெடிதாக நிற்கும். லேபிளில் அல்கஹோல் அளவைப் பாருங்கள். திராட்சையின் சர்க்கரைதான் நொதித்து அல்கஹோலாகிறது. 12 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் சர்க்கரை முழுவதும் தீர்ந்திருக்கும், 10, 11 என்றால் மிச்சம் இருக்கும். ஒன்ராறியோ அரசின் மதுக்கடையான எல்சிபிஓ தன் இணையத்தளத்தில் ஒரு லீற்றருக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்றும் போடுகிறது. குழம்பு, பிரட்டல் வகைகளுக்கு 15 முதல் 30 கிராம் வரை எடுக்கலாம். ஒன்ராறியோவில் விளைந்த திராட்சைதானா என்பதற்கு லேபிளில் விகியூஏ முத்திரையைத் தேடுங்கள். ஒன்ராறியோ ஏரியின் காற்று நயாகராக் கொடிகளைக் கடும் குளிரிலிருந்தும் கடும் வெக்கையிலிருந்தும் காப்பதால் அங்கே பழம் மெதுவாகப் பழுக்கும், புளிப்பும் குறையாமல் நிற்கும். நல்ல போத்தல் இருபது டொலருக்குள்ளேயே அகப்படும். ஊர்ச் சரக்கு என்று இளக்காரம் பண்ண வேண்டியதில்லை.

பார்பிக்யூ பக்கம் வந்தால் கதை மாறும். தயிரும் இஞ்சி உள்ளியும் மஞ்சளும் தடவிச் சுட்ட கோழி, உப்பும் தேசிக்காயும் தேய்த்த ஓகஸ்ட் மாதச் சோளன், அலுமினியத் தாளில் சுற்றி வாட்டிய மீன். இங்கே உறைப்பு மட்டு, புகையும் உப்பும் அதிகம். உப்பு வைனின் புளிப்பை மென்மையாக்கும் என்பதால் ரோசே இங்கே பிரகாசிக்கும். புரொவன்ஸில் தரச்சான்றோடு வரும் வைனில் பத்தில் ஒன்பது பங்கு ரோசேதான். அங்கே உள்ளியும் ஒலிவ் எண்ணெயும் சுட்ட மீனுமாக நடக்கும் கோடைச் சாப்பாட்டுக்கு அது பழகிய துணை. எங்கள் பார்பிக்யூ அந்தச் சாப்பாட்டிலிருந்து அவ்வளவு தூரமில்லை. பல பேருக்கு ஒரே வைன் என்றாலும் இதுதான் வசதி, கோழிக்கும் மீனுக்கும் சலாதுக்கும் சமமாகப் போகும். விலைதான் உறுத்தும். பெயர் பெற்ற புரொவன்ஸ் ரோசேக்கள் இருபது டொலரைச் சுலபமாகத் தாண்டும், அதில் அழகான போத்தலுக்கும் ஒரு பங்கு போகிறது என்று நினைக்கிறேன்.

தேசிக்காய் பிழிந்த மீனுக்கும், கொத்துமல்லி இலைச் சட்னி பூசிச் சுட்ட கணவாய்க்கும் மட்டும் சோவினியோன் பிளாங்க் ரோசேயை முந்தும். அதன் பச்சை இலை வாசம் அந்தச் சட்னியோடு நேராகப் பேசும். மற்றபடி எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை. இடியப்பம், சொதி என்று இளகிய சாப்பாடு வைத்தால் அதன் கூர்மை தேங்காய்ப்பாலோடு முட்டிக்கொள்ளும்.

ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்குத்தான் வீட்டில் சண்டை வரும். "இறைச்சிக்குச் சிவப்பு" என்று யாராவது கனத்த கபர்னே சோவினியோனோடு வருவார்கள். டானினும் அல்கஹோலும் வறுத்த தூளோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியாயிற்று. கமே வேறு ரகம். டானின் குறைவு, புளிப்பு நிமிர்ந்து நிற்கும், செரிப் பழமும் மிளகும் கலந்த ஒரு வாசம். வறுத்த பெருஞ்சீரகமும் மிளகும் போட்ட கறியோடு அது ஒட்டிக்கொள்ளும். பிரான்சின் பேர்கண்டிப் பிரபு ஃபிலிப் 1395இல் இந்தக் கொடியைத் தன் நாட்டிலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். தெற்கே பொஜொலேயில் அது தப்பிப் பிழைத்தது, இன்று நயாகராவிலும் நன்றாக வருகிறது. பரிமாறுமுன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சிவப்பு வைனை "அறை வெப்பத்தில்" குடிக்க வேண்டும் என்ற பேச்சு குளிர்ந்த கல்வீடுகளின் காலத்தது, ஜூலை மாதப் பின்வளவுக்குப் பொருந்தாது. 13 பாகை சுமாராக இருந்தால் பழவாசம் தெளிவாக வரும், அல்கஹோலும் முகத்தில் அடிக்காது. பிரட்டல் கண்ணீர் வரும் அளவுக்கு உறைத்தால் நான் மறுபடி ரீஸ்லிங்குக்கே போவேன், இறைச்சி என்றாலும் பரவாயில்லை.

மரக்கறிச் சாப்பாட்டுக்கும் இதே கணக்குத்தான். கத்தரிக்காய்ப் புளிக்குழம்புக்கு ரீஸ்லிங், சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலுக்கு ரோசே. பாகற்காய்க்கு எதுவும் வேண்டாம், தண்ணீர் போதும்.

கடைசியாக இனிப்பு. வைன் இனிப்புப் பண்டத்தைவிட இனிக்க வேண்டும், இல்லாவிட்டால் புளித்த தண்ணீர்போல் தோன்றும். அதனால் வட்டிலப்பம் வந்ததும் மேலே சொன்ன நான்கையும் மூடி வைத்துவிடலாம். பல வீடுகளில் யாரோ பரிசாகத் தந்த ஐஸ்வைன் ஒன்று அலுமாரியில் வருடக்கணக்காகக் கிடக்கும். மைனஸ் 8 பாகையிலோ அதற்குக் கீழோ கொடியிலேயே உறைந்த திராட்சையைப் பறித்துப் பிழிந்தது அது, தேன் கணக்கில் இனிக்கும். விருந்தாளி வரட்டும் என்று வைத்திருக்காமல் நன்றாகக் குளிரவிட்டு, ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ் கருப்பட்டி வட்டிலப்பத்தோடு ஊற்றுங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கிடைத்தால் அதோடும் போகும்.