ஊர் கழித்துப் போட்ட படங்கள்: டர்பனிலிருந்து ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

குக்கர் வாங்கினால் எழுதுகிறோம், இன்வெர்ட்டர் வாங்கினால் எழுதுகிறோம். நான் எழுத வந்தது ஒரு பழக்கத்தைப் பற்றி. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்ட, ரசிகர்களே கைகழுவிய தமிழ்ப் படங்களைத் தேடிப் பிடித்துப் பார்க்கும் பழக்கம். வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து, சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியேறியதிலிருந்து எனக்குச் சனிக்கிழமை இரவு என்றால் இதுதான். பல வருட உபயோகத்துக்குப் பிறகும் சரக்கு நன்றாகவே ஓடுகிறது. எல்லா ரகமும் ஓடாது, அதையும் சொல்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு. இந்தியாவைவிட நாங்கள் மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம். சென்னையில் காலை 9 மணிக் காட்சி தொடங்கும்போது இங்கே விடிகாலை 5.30. இடைவேளையில் வெளியே வந்து மைக்கைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்கிறவரை நான் பல் விளக்கும்போதே பார்த்துவிடுவேன். கட்-அவுட்டுக்கு ஊற்றிய பால் காய்வதற்குள் படத்துக்கே பால் ஊற்றிவிடுகிறார்கள். நான் ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்துக்குள் காரியம், கருமாதி எல்லாம் முடிந்திருக்கும். இங்கே டர்பன் தியேட்டரில் அந்தப் படத்துக்கு ஒன்றிரண்டு காட்சிகள் கிடைத்தாலே பெரிது. கூட்டம் இல்லையென்றால் அடுத்த வாரம் போஸ்டர்கூட இருக்காது. ஆகவே நான் பார்ப்பது எப்போதும் பல மாதம் கழித்து, பல சமயம் பல வருடம் கழித்து, வீட்டு டிவியில்.

இந்தத் தாமதம்தான் இந்தப் பழக்கத்தின் மூலதனம். ஒரு படத்தின் மீது வரும் கோபத்தில் பாதிக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லை. கொடுத்த டிக்கெட் காசு, போட்ட அரைநாள் லீவு, எதிர்க்கட்சி நடிகரின் ரசிகனுக்கு நாளை என்ன பதில் சொல்வது என்ற கவலை, டீசர் வந்த நாளிலிருந்து ஊதிய பலூன் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கோபம். அதெல்லாம் இல்லாமல், சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து பார்த்தால் மிஞ்சுவது படம் மட்டும். அது மோசமாகவே இருக்கலாம். ஆனால் அது வேறு வகை மோசம்.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் வீட்டுக்கார ஆயா. (இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை ஆயா என்பார்கள்.) 1860-இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் வந்து, அதன் பின்னாலேயே கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வந்துகொண்டே இருந்த காலத்தில் வந்த வம்சம். ஆயாவின் தமிழ் அடுப்படியோடும் சாமி அறையோடும் நின்றுவிட்டது. சோறு, ரசம், புரட்டாசி விரதம், திட்டுவதற்குச் சில வார்த்தைகள். படத்தை இங்கிலீஷ் சப்டைட்டிலில்தான் படிக்கிறார். அவர் சின்ன வயதில் கிரே ஸ்ட்ரீட் பக்கம், இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட், ஷா ஜஹான், அவலான் என்று தியேட்டர்கள் இருந்தன. இந்த நாட்டுக்கு டிவி வந்ததே 1976-இல்தான். நிறவெறியை எதிர்த்து இந்தியா 1946-இலேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டதால் படப்பெட்டி ஊரைச் சுற்றிக்கொண்டு, நிதானமாக வரும். கூடவே விமர்சனம் வராது. "ஹிட்டு பிளாப்பு ஹூ நோஸ், தம்பி? பிக்சர் வந்துச்சா, போனோம். பேபியும் கூட வந்துச்சு, பிரியாணியும் கூட வந்துச்சு" என்பார். மதராஸில் ஒரு வாரம்கூட ஓடாத படமும் நூறு நாள் ஓடிய படமும் இவர்களுக்கு ஒரே தட்டில் வந்திருக்கின்றன. அந்தக் கண் இன்னும் அவரிடம் இருக்கிறது.

'சுறா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் வந்தது, விஜய்யின் 50-ஆவது படம். தமிழ்நாட்டில் இன்றைக்கும் மீம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடலிலிருந்து நாயகன் மீனைப் போல எகிறி வரும் அறிமுகக் காட்சியை யாராலும் மன்னிக்க முடியவில்லை. நாங்கள் பார்த்தது எங்கிருந்து தெரியுமா? சுறாவுக்காக 1952-இலேயே கடலில் வலை கட்டிய ஊரில் இருந்து. எங்கள் ரக்பி அணியின் பெயரே ஷார்க்ஸ். ஆயாவின் பேரன் அந்த அணியின் கறுப்பு ஜெர்சியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாயகன் தண்ணீரைப் பிளந்து வந்ததும் அவன் எழுந்து நின்று கத்தினான். கிண்டலுக்கு இல்லை, நிஜமாகவே. மீனவக் குப்பத்தில் வீடு கட்டித் தரும் கதை வந்தபோது ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தார். நிறவெறி அரசின் இனவாரித் தனிக் குடியிருப்புச் சட்டத்தில் ஆட்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து 1960-களில் உண்டாக்கிய ஊர் சாட்ஸ்வொர்த். வீட்டைப் பிடுங்குகிற வில்லன் என்றால் இங்கே விளக்கம் தேவையில்லை. படம் நல்ல படமாகிவிட்டதா? ஆகவில்லை. திரைக்கதை அப்போதும் ஓட்டைதான். ஆனால் ஓட்டை வழியாகவும் ஏதோ வந்து சேர்ந்தது.

சப்டைட்டிலின் உபயத்தையும் சொல்ல வேண்டும். அடுக்குமொழியில் அரை நிமிடம் முழங்கும் பஞ்ச் வசனம் கீழே நாலு வார்த்தையில் அடங்கிவிடுகிறது. சென்னையில் எரிச்சலூட்டிய வசனம் ஆயாவுக்குப் போய்ச் சேர்வதே இல்லை, தப்பித்தார். இதற்கு மறுபக்கமும் உண்டு. வசனத்துக்காகவே நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் படங்கள் இந்த வீட்டில் சவசவ என்று போயிருக்கின்றன. ஊரே மெச்சிய ஒரு வட்டார வழக்குப் படத்தைப் போட்டு, இருபது நிமிடத்தில் ரிமோட்டைப் பறிகொடுத்தேன். பேரன் வாரக்கடைசியில் தமிழ் வகுப்புக்குப் போகிறான். அவனுக்கும் தோல்வி மசாலாப் படம்தான் வசதி. எல்லோரும் நிறுத்தி, அழுத்தி, கத்திப் பேசுகிறார்கள், சொன்னதையே மூன்று தடவை சொல்கிறார்கள். மதுரைப் பேச்சை முணுமுணுக்கும் யதார்த்தப் படத்தில் எனக்கே சில இடம் பிடிபடாது.

'கங்குவா' விஷயத்தில் தொழில்நுட்ப உதவியும் கிடைத்தது. 2024 நவம்பரில் அது வந்தபோது முதல் புகாரே சத்தம்தான். தயாரிப்பாளரே ஒலியை இரண்டு புள்ளி குறைக்கும்படி தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார். பிறகு 12 நிமிடத்தை வெட்டினார்கள். நாயகன் சூர்யாவின் மனைவி ஜோதிகா படத்துக்காக வாதாடி எழுதிய பதிவிலேயே, முதல் அரைமணி நேரம் எடுபடவில்லை, சத்தம் காதைக் குடைகிறது என்று ஒப்புக்கொண்டார். வீட்டில் இந்த இரண்டு குறையும் ரிப்பேர் செய்யக்கூடியவை. சத்தம் நம் கட்டைவிரலில் இருக்கிறது. முதல் அரைமணி நேரத்தில் நான் மட்டன் பன்னி சவ் (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு ஊற்றித் தரும் டர்பன் பண்டம்) வாங்கக் கடை வரிசையில் நின்றேன். கதை 1070-ஆம் ஆண்டுக்குப் போன பிறகு வந்து உட்கார்ந்தால், காடும் தீவும் உடைகளும் பார்க்கச் சலிக்கவில்லை. அந்த உழைப்பைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதியவர்கள் உண்டு என்பது என் எண்ணம். அதற்காக விமர்சகர் வாயைக் கட்ட வேண்டும் என்கிற கட்சி நான் இல்லை. முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர் சங்கம் போட்ட வழக்கில், அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது சரிதான். அவர்கள் திட்டட்டும். திட்டினால்தானே எனக்குப் பட்டியல் கிடைக்கும்.

இனி, எங்கள் வீட்டு டிவியில் எது ஓடும், எது ஓடாது. எட்டாத கொப்புக்குத் தாவி விழுந்த படம் ஓடும். இயக்குநருக்கு மனதில் ஒரு பெரிய சித்திரம் இருந்து, பணமோ நேரமோ கணினி வரைகலையோ காலை வாரிவிட்ட படம் வருடக்கணக்கில் தாங்கும். 2001-இல் வந்த 'ஆளவந்தான்' இந்த வகையில் தங்கம். கமல் இரட்டை வேடம், கொலைவெறி முற்றும் இடத்தில் நிஜ உருவம் போய்க் கேலிச்சித்திரம் வருகிறது. பார்க்கும் ஒவ்வொரு தடவையும் 'இதை யாரப்பா அனுமதித்தது' என்று ஒரு சந்தோஷம். 2015-இன் 'புலி'யும் அப்படித்தான். பெரியவர்கள் முகம் சுளித்த குள்ள மனிதர்களும் மாயக் கோட்டையும் ஸ்ரீதேவியின் ராணி வேடமும் எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை இங்கே ஒரு குறையும் சொல்ல வைக்கவில்லை.

ஓடாதவை: ஜாக்கிரதையாக எடுத்துத் தோற்ற படங்கள். ஐந்து பாட்டு, நாலு சண்டை, ஒரு வெளிநாட்டு டூயட் என்று அளந்து போட்டுச் சப்பென்று முடிந்தவை. அவற்றைத் திட்டக்கூட வாய் வராது. அவற்றைவிடக் கொடுமை தோற்றுப்போன நகைச்சுவைப் படம். சண்டை சொதப்பினால் சிரிக்கலாம், சிரிப்பு சொதப்பினால் என்ன செய்ய? பெண்ணைத் துரத்துவதையும் உடல் குறையையும் நிறத்தையும் வைத்துச் சிரிப்பு மூட்டப் பார்க்கும் படங்களை இந்த வீட்டில் போடுவதே இல்லை. நிறத்தைப் பற்றிய கிண்டல் இந்த நாட்டில் உட்கார்ந்து கேட்கும்போது வேறு மாதிரி விழும். ஒரு தடவை ஆயா சப்டைட்டிலைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் டிவியை அணைத்தார். சரிதான் என்று நானும் எழுந்து போனேன். 'அன்பே சிவம்', செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' போன்றவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வந்தபோது விழுந்தன என்பது உண்மை, ஆனால் இப்போது அவை கௌரவப் படங்கள். அவற்றைப் பிடிக்கும் என்று சொல்ல ஒரு தைரியமும் வேண்டியதில்லை.

தரச் சோதனைக்கு 2023-இல் எங்களுக்கு இலவச ஆய்வுக்கூடம் கிடைத்தது: மின்வெட்டு. இரண்டு மணி நேரம் மின்சாரம் போகும், படம் பாதியில் நிற்கும். விளக்கு வந்ததும் யாராவது 'அப்புறம் என்ன ஆச்சு' என்று கேட்டால் அந்தப் படம் தேறியது. எல்லோரும் படுக்கப் போனால் தேறவில்லை. ரசிகர்கள் கொண்டாடிய இரண்டு மெகா ஹிட் படங்கள் இதில் பெயில். 'ஆளவந்தான்' அன்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆயா கேட்டது: "அந்த மொட்டை பாய் எஸ்கேப் ஆனானா, மாட்டுனானா?" பேட்டரியில் ஓடிய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பார்த்தோம்.

புதிதாக இறங்குகிறவர்களுக்கு மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை. விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 30 சதவீதம் என்றால் படத்துக்கு நூற்றுக்கு முப்பது மார்க் என்று அர்த்தமில்லை. பத்து விமர்சகரில் மூன்று பேருக்குப் பிடித்தது என்று அர்த்தம். அந்த மூன்று பேர் உயிரைக் கொடுத்து எழுதியிருக்கலாம். எல்லோரும் 'பரவாயில்லை' என்ற படம் 90 வாங்கும், சிலர் மட்டும் வெறித்தனமாக நேசித்த படம் 30-இல் கிடக்கும். நான் முப்பதுக்காரன். குறைந்த மதிப்பெண் படத்தில் அந்த மூன்று பேர் எழுதியதை மட்டும் தேடிப் படியுங்கள், உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். குப்பைப் படம் பார்க்கிறவன் மண்டை காலி என்று நினைப்பவர்களுக்கு: 2016-இல் பிராங்க்ஃபர்ட்டின் மாக்ஸ் பிளாங்க் அழகியல் ஆய்வு நிறுவனத்தார், இப்படிப்பட்ட படங்களை விரும்புகிறவர்களை விசாரித்து, அவர்கள் சராசரிக்கு மேல் படித்தவர்கள், உயர்கலையையும் சேர்த்தே ரசிப்பவர்கள் என்று எழுதினார்கள். வீட்டில் வாசித்துக் காட்டினேன். ஆறாவதோடு படிப்பை நிறுத்திய ஆயா, "தே நெவர் ஆஸ்க் மீ" என்றார்.

அமெரிக்காவில் மோசத்துக்கே பேர்போன, 2003-இன் 'தி ரூம்' படத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போய்த் திரையை நோக்கிப் பிளாஸ்டிக் ஸ்பூன் எறிகிறார்கள். அந்த விளையாட்டு எனக்கு ஒத்துவரவில்லை. எறிவதற்காகவே போனால் படத்தைப் பார்ப்பது எப்போது? நட்சத்திரங்களில் ஹாலி பெர்ரிக்கு என் சலாம். 2005-இல் 'கேட்வுமன்' படத்துக்கு மோசமான நடிகை என்று ராஸ்ஸி விருது கொடுத்தபோது, ஒரு கையில் தன் ஆஸ்காரைப் பிடித்துக்கொண்டே மேடையேறி வாங்கிப் போனார்.

பக்க விளைவுகள் சில. ஊர் நண்பர்கள் என் சிபாரிசைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். நல்ல படம் பார்க்கும்போது, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே என்று லேசாகக் கொட்டாவி வருகிறது. இது நல்லதற்கில்லை, மாதம் ஒரு முறையாவது உருப்படியான படம் பார்த்து நாக்கைச் சுத்தம் செய்துகொள்கிறேன்.

கடைசியாக வாங்கும்போது கவனிக்க வேண்டியது. இப்போது பழைய தோல்விகளைத் தூசி தட்டி மறுவெளியீடு செய்கிறார்கள். 'பாபா' 2022 டிசம்பரில் புதிதாகத் தொகுக்கப்பட்டு வந்தது, 'ஆளவந்தான்' அடுத்த டிசம்பரில் நீளம் குறைந்து வந்தது. வெட்டியதெல்லாம் அன்று ஜனம் நெளிந்த இடங்கள். நமக்கு வேண்டியதோ அதே இடங்கள்தான். கிடைத்தால் பழைய முழுநீளப் பிரதியையே எடுங்கள். எங்கள் பக்கம் டிவிடி கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன, மூடும்போது தள்ளுபடிப் பெட்டியில் முதலில் விழுவது இந்த ரகம்தான். நான் ஒரு பை நிறைய அள்ளி வைத்திருக்கிறேன். சாட்ஸ்வொர்த் பக்கம் வருகிறவர்களுக்கு இரவல் உண்டு, 'சுறா' மட்டும் கிடையாது, அது பேரனுடையது.